தடித்த தோல், மெலிந்த செம்பு

அத்தியாயம் நான்கு

பொய் சொல்பவர்களில் இரு வகையினர் உளர். ஒருவர் வாயால் சொல்வார். மற்றவர் சரக்கால் சொல்வார். முதல் வகையினரை மடக்கக் கேள்வி போதும். இரண்டாம் வகையினரை மடக்கக் கத்தி வேண்டும். தராசு அன்று இரண்டையும் கொண்டுவந்திருந்தார்.

தராசு என்பது அந்த அம்மையாரின் இயற்பெயரன்று. எடையளவு ஆய்வாளராக அவர் பணியாற்றிய காலத்தில் வியாபாரிகள் வயிற்றெரிச்சலில் சூட்டிய பட்டம் அது. ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது அந்தப் பட்டத்தையே பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டார். அவருடைய கைப்பையில் ஒரு வில்தராசு, ஒரு காந்தம், ஒரு பேனாக்கத்தி ஆகிய மூன்றும் எப்போதும் இருக்கும். கைப்பைக்கு வெளியே குச்சி இருப்பான். குச்சி அவருடைய உதவியாளன். உயரம் அதிகம், சதை குறைவு, வாய் மிக அதிகம்.

இருவரும் ஒரு மரப்பட்டறையின் நடுவில் நின்றிருந்தனர். பட்டறையின் பின்பாதி கரிந்து கிடந்தது. கூரைத் தகடுகள் சுருண்டு தொங்கின. பாதி முடிந்த நாற்காலிகள் கரிக்கட்டைகளாய் நின்றன.

“மேடம், ஒரு ஃபேனாவது போடச் சொல்லுங்க. வேர்வையிலயே கரைஞ்சிடுவேன் போலிருக்கு. அப்புறம் என்னை வில்தராசுல தொங்கவிட்டா முள்ளு அசையாது.”

“இப்பவும் அசையாது. இங்க கரண்ட் கிடையாது. தீப்பிடிச்ச அன்னிக்கே இன்ஸ்பெக்டர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிட்டார். வாயை மூடிக்கிட்டுத் தரையைப் பாரு.”

நடந்தது இதுதான். இந்தப் பட்டறையில் இழைப்பு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த தச்சர் ஒருவர், சுவரிலிருந்து மெஷினுக்கு மின்சாரம் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் வயர் தீப்பற்றியதைக் கண்டார். மரச்சீவல்கள் வழியாகத் தீ வார்னிஷ் டின்களை நோக்கி ஓடிற்று. டின்களுக்கு அப்பால் உடன் வேலை செய்வோர் இருந்தனர். அவர் எரியும் வயரை இரு கைகளாலும் பற்றி, சுவரிலிருந்து பிடுங்கி, டின்களைவிட்டு விலக்கி இழுத்துப் போட்டார். உடன் வேலை செய்வோர் எல்லோரும் பிழைத்தனர். அவருடைய விரல்கள் பிழைக்குமா என்பதை மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, பட்டறை முதலாளி காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தார். தாம் வாங்கிக் கொடுத்த முதல்தரமான வயர் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, அந்தத் தச்சன் சந்தையில் வாங்கிய தன்னுடைய மட்டமான வயரைச் செருகினானாம். அதையும் சுற்றைப் பிரிக்காமலே போட்டானாம். ஆகவே பட்டறையைக் கொளுத்தியவன் அவனே என்பது புகார். அன்று மாலை இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்துவிட்டு வழக்குப் பதிவதாக இருந்தது. கை வெந்தவரின் கையில் விலங்கு மாட்டுவதற்கு அரை நாளே எஞ்சியிருந்தது.

வாசலில் காக்கிச் சீருடையோடு ஒரு பெண் வந்து நின்றார். தச்சரின் அக்கா, நகரப் பேருந்து ஓட்டுநர். தராசை அமர்த்தியவர் அவரே.

“ஏதாச்சும் கிடைச்சுதாக்கா?”

“இப்பதாம்மா குனிஞ்சிருக்கோம்.”

“நான் ஒண்ணு சொல்லிடறேன். தம்பி மேல கேஸ் வரக்கூடாதுன்னு மட்டும் நான் உங்ககிட்ட வரல. அந்த முதலாளியோட கை வேகணும். என் தம்பிக்கு மூக்கு அரிச்சா நான் சொறிஞ்சு விடறேன். மீசை வச்ச ஆம்பளை, கண்ணுல தண்ணி வந்தாத் தொடைக்கக்கூட என்னைக் கூப்பிடறான். அதே மாதிரி அந்த ஆளும் ஒருத்தியைக் கூப்பிடணும்.”

“கொஞ்சம் பிரேக் போடுங்கம்மா,” என்றான் குச்சி.

“காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பிரேக் போட்டே பொழைக்கிறவ நான். இந்த ஒரு ஆளு குறுக்க வந்தா மட்டும் போடறதா இல்ல.”

தராசு அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தரைக்குத் திரும்பினார்.

“குச்சி, என்ன தெரியுது?”

“சிமெண்ட்ல ஒரு கரிக்கோடு. சுவத்துலேருந்து மெஷின் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போகுது. எங்க சித்தப்பா சம்பள நாள்ல வீட்டுக்கு வர்ற மாதிரி.”

“எங்கயாச்சும் வட்டமா கரி இருக்கா?”

“இல்லையே. சித்தப்பா நேரா வீட்டுக்குத்தான் வந்திருக்கார்.”

“சுத்துப் பிரிக்காத வயர் எரிஞ்சா இப்படி இருக்காது. உள்ள சூடு தேங்கி, சுத்து மேல சுத்து ஒட்டி, ஒரே கட்டியா உருகும். தரையில வட்டமா தட்டு மாதிரி கரி நிக்கும். இங்க வயர் நீளமாக் கிடந்து எரிஞ்சிருக்கு. தச்சர் ஒழுங்காப் பிரிச்சுத்தான் போட்டிருக்கார்.”

“அப்ப முதல் பொய் காலுக்கடியிலேயே படுத்திருக்கு. மிதிச்சிடாதீங்க மேடம், சாட்சி.”

பிளக்கை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு மட்டும் வயர் எரியாமல் எஞ்சியிருந்தது. பளபளக்கும் ஆரஞ்சு நிறத் தோல், கட்டைவிரல் பருமன். கழுத்தில் சைக்கிள் டியூபைக் கத்தரித்த கறுப்புப் பட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது. தராசு பிளக்கின் முனையில் காந்தத்தை வைத்தார். அது வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது.

“பித்தளைன்னா காந்தம் ஒட்டாது. இது இரும்பு. மேல மஞ்சள் பூச்சு.”

பேனாக்கத்தி தோலைக் கீறிற்று. கீறக் கீறத் தோலே வந்துகொண்டிருந்தது. கடைசியில், கூச்சப்பட்டு ஒளிந்திருந்ததுபோல, மயிரிழைகளாய்ச் சில கம்பிகள் தலை காட்டின. அவற்றின் செம்பு நிறத்தைச் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

“மூணாவது வயர் எர்த். ஷாக் அடிக்காம காப்பாத்தறது அதுதான். அதைக் காட்டுங்க,” என்றான் குச்சி.

மூன்றாவது வயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருந்தது.

“அட, நம்ம சொந்தக்காரன்!” என்றான் குச்சி. ஆனால் அவன் குரலில் சிரிப்பு முழுதாக இல்லை.

“எரிஞ்ச வயரைப் பார்க்க வந்தீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. முதலாளி வந்துகொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, வாரிய தலை, வருத்தம் தோய்ந்த முகம். வருத்தத்தையும் காலையில் வாரிக்கொண்டு வந்தவர்போல் இருந்தார். “பார்த்துட்டீங்க இல்ல? இந்தக் குப்பையைத்தான் அவன் வாங்கிட்டு வந்து சொருகினான். நான் குடுத்த சரக்கு எப்படி இருக்கும்னு வாங்க, காட்டறேன்.”

முன்பாதியில் அவருடைய மேசைக்குப் பின்னால் ஆணியில் ஒரு வயர்க்கட்டு தொங்கிற்று. கருநீல நிறம், ஆரஞ்சு வயரைக் காட்டிலும் பருமன். “கனரகப் பயன்பாட்டுக்கு” என்று அதன்மேல் வெள்ளை எழுத்துகள் ஓடின. தராசின் கை நீண்டது. முதலாளி குறுக்கே வந்தார்.

“தொடாதீங்க. அது சாட்சிப்பொருள். இன்ஸ்பெக்டர் வரட்டும். இதைப் போட்டு யானையையே ஓட்டலாம். நான் என்ன செய்ய? வேலைக்காரனுக்குப் புத்தி இல்ல.”

பேருந்து ஓட்டுநரின் விரல்கள் மடங்கின. தராசு அவருடைய மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டார். கண்கள் மட்டும் ஆணியிலேயே இருந்தன. அந்தக் கருநீல வயர்க்கட்டையும் ஒரு சைக்கிள் டியூப் பட்டைதான் கட்டியிருந்தது.

*

முதலாளி வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மின்பொருள் கடை அதே தெருமுனையில் இருந்தது. உத்தரத்திலிருந்து ஆரஞ்சும் கருநீலமும் பச்சையுமாய் வயர்க்கட்டுகள் காய்த்துத் தொங்கின. ஒவ்வொன்றின் இடுப்பிலும் சைக்கிள் டியூப் பட்டை. கடைக்காரர் ஒரு கத்தரிக்கோலால் பழைய டியூபை வளையம் வளையமாக வெட்டிக்கொண்டே வரவேற்றார்.

“வாங்க மேடம், வாங்க தலைவரே. எக்ஸ்டென்ஷன் வயரா? இதைப் பிடிச்சுப் பாருங்க, எப்படி இருக்குன்னு.”

“நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு,” என்றான் குச்சி. “இதுக்குப் பேர் வச்சாச்சா?”

தராசு ஒரு கருநீலக் கட்டை வாங்கி, அதன்மேல் ஓடிய எழுத்துகளைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். வயர் மொட்டையாயிற்று.

“கனரகப் பயன்பாட்டுக்குன்னு போட்டிருந்துது. இப்ப அந்த வாக்குறுதி என் விரலுக்கு வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?”

கடைக்காரரின் கத்தரிக்கோல் நின்றது.

தராசு குனிந்தார். கடைக்காரரின் காலடியில் ஒரு மின்கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுத்த எக்ஸ்டென்ஷன் வயர் மெலிந்தது, கறுத்தது, அழகற்றது. அவர் அதைக் கழற்றி மேசைமேல் போட்டார். ஈரத்துணிபோல் துவண்டு, விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. பிறகு கருநீல வயரை வளைத்து விட்டார். அது வளைத்த வாக்கிலேயே விறைத்துக்கொண்டு நின்றது.

“உள்ள நல்ல செம்பு இழை நிறைய இருந்தா வயர் துவளும். பிளாஸ்டிக்கா அடைச்சு வச்சா இப்படித்தான் முறைக்கும். இப்ப நீளத்தைப் பார்ப்போம். ரெண்டும் ஒரே நீளமா?”

“ஒ… ஒரே நீளந்தான்.”

வில்தராசின் கொக்கியில் முதலில் மெலிந்தது தொங்கிற்று. அடுத்துப் பருத்தது தொங்கிற்று. இம்முறை முள் பாதி தூரம்கூட இறங்கவில்லை.

“எங்க பெரியம்மா பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த கதைதான்,” என்றான் குச்சி. “ஆள் வாட்டசாட்டமா இருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, உள்ள சரக்கு இல்ல.”

கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மேடம், ஜனங்க எப்படி வாங்கறாங்கன்னு நினைக்கிறீங்க? விரலால அமுக்கிப் பார்ப்பாங்க. தடியா இருந்தா நல்ல சரக்கு, ஒல்லியா இருந்தா மட்டம். நான் நல்ல வயரைக் காட்டினா, என்னைத்தான் திருடன்னு சொல்றாங்க. அதான் கேக்கறதைக் குடுக்கறேன்.”

“அப்ப உங்க கெண்டிக்கு ஏன் அதையே போடல?”

கெண்டி மெல்ல மெல்ல அடங்கிற்று.

“கடை நிறைய சரக்கு இருக்கே மேடம்,” என்றார் கடைக்காரர் தாழ்ந்த குரலில். “தீப்பிடிச்சா?”

வாசலில் நின்ற பேருந்து ஓட்டுநர் ஒரே எட்டில் உள்ளே வந்தார். “உன் கடையில சரக்கு இருக்கு. அங்க என் தம்பி இருந்தான். அவன் என்ன, காலி டப்பாவா? சொல்லுய்யா! அந்த ஆரஞ்சு வயரை வாங்கினது யாரு?”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா. தினம் எத்தனையோ பேர் வர்றாங்க. கோர்ட்டு, கச்சேரின்னு என்னை இழுக்காதீங்க.”

“பட்டறை முதலாளிதானே?”

“அவர் பழைய கஸ்டமர். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வெட்டிப் போட்டாலும் சொல்லமாட்டேன்.”

“வெட்டிப் பார்த்தா உள்ள என்ன இருக்கும்னுதான் எங்களுக்குத் தெரியுமே,” என்று சொல்லிக் குச்சி படியிறங்கினான்.

தெருவில் ஓட்டுநர் வெடித்தார். “இன்னும் என்னக்கா வேணும்? முதலாளி வச்சிருக்கறதும் அதே கடை, அதே டியூப், அதே குப்பை. கழுத்தைப் பிடிச்சு இன்ஸ்பெக்டர்கிட்ட தள்ளிடுங்க.”

“தள்ளினா அவர் என்ன சொல்வார் தெரியுமா? ‘ஐயோ, நானும் ஏமாந்துட்டேனே’ன்னு அழுவார். நல்ல வயர்னு நம்பித்தான் ஆணியில மாட்டினேன்னு சொல்வார். வயர் மட்டம்கிறது பாதி வழக்கும்மா. மட்டம்னு தெரிஞ்சே குடுத்தார்ங்கிறதுதான் மீதி.”

“அது அவன் மனசுல இருக்கு. அதை எப்படி நிறுத்திப் பார்ப்பீங்க?”

“மனசைத் தராசுல நிறுத்த முடியாது,” என்றார் தராசு. “பயத்தை நிறுத்தலாம்.”

அவர் சற்றே ஒதுங்கி நின்று இன்ஸ்பெக்டருடன் கைபேசியில் பேசினார். பிறகு குச்சியின் காதை எட்டிப் பிடித்து ஏதோ சொன்னார். குச்சி இருமுறை தலையாட்டினான். மூன்றாம் முறை ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டாமா மேடம்?”

“வேண்டாம்.”

*

மாலையில் பட்டறையின் முன்பாதியில் எல்லோரும் கூடினர். தீயில் தப்பிய வேலைக்காரர்கள் சுவரோரம் நின்றனர். தப்பிய இழைப்பு மெஷின் ஒன்று முதலாளியின் மேசைக்கு அருகில் இருந்தது. இன்ஸ்பெக்டர் குறைவாகப் பேசும் மனிதர். வலக்கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே நின்றார்.

முதலாளி ஆணியிலிருந்து கருநீல வயரை இறக்கி, தாலாட்டுவதுபோல் ஏந்திக்கொண்டார். “சார், இதான் நான் குடுத்தது. முதல்தரம். வாங்கினபடியே இருக்கு. கை படவே இல்ல.”

“லேசா இருக்கே,” என்றார் தராசு, அதை வில்தராசில் தொங்கவிட்டு.

“லேசாத்தான் இருக்கும். புதுமாதிரிச் சரக்கு. எடையை வச்சு எதையும் சொல்லக் கூடாதும்மா. பெத்த புள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், இதைவிட நல்ல வயர் உலகத்துல கிடையாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“நல்லதாப் போச்சு. அப்ப ஓட்டிப் பார்த்துடலாம். குச்சி, ஃபியூஸை மாட்டிட்டு மெயின் சுவிட்சைப் போடு.”

முதலாளியின் முகத்தில் வாரியிருந்த வருத்தம் சற்றே கலைந்தது. “இப்பவா? எதுக்கு?”

“இந்த இழைப்பு மெஷின் இதுல ஓடட்டும். நீங்க பக்கத்துல உட்காருங்க, வயரைக் கையில பிடிச்சுக்கிட்டு. முதல்தர வயர் சுடாது. சுடலைன்னா தப்பெல்லாம் தச்சர் மேலதான். நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.”

பின்பாதியின் இருட்டிலிருந்து நெம்புகோலைத் தள்ளும் ஓசை ‘டமார்’ என்று கேட்டது. “போட்டாச்சு மேடம்!” என்று குச்சி கூவினான்.

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பார்த்தார். முதலாளி உட்கார்ந்தார்.

“பிளக்கை யார் சொருகறது?” என்று தராசு கேட்டார். கேட்டவர் யாரையும் பார்க்கவில்லை.

“நான்,” என்றார் பேருந்து ஓட்டுநர்.

அவர் வயரின் ஒரு முனையில் மெஷினை இணைத்தார். பிறகு முதலாளியின் முன் வந்து நின்று, அவருடைய இரு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்து, வயரை அவற்றின்மேல் சுற்றினார். ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு சுற்று, இறுக்கமாக மற்றொன்று.

“எ… எதுக்கும்மா சுத்தறே?”

“என் தம்பி இப்படித்தான் பிடிச்சான். ரெண்டு கையாலயும். விடாம.”

“சார், இந்தம்மா பேச்சும் பார்வையும் சரியில்ல சார்…”

“வயர் சரியா இருக்கில்ல?” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓட்டுநர் மறுமுனையை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார். பிளக் சுவரில் சரக்கென்று இறங்கிற்று. அவருடைய விரல் சுவிட்சின்மேல் நின்றது. அவர் திரும்பி முதலாளியைப் பார்த்தார். பல்லாண்டுகளாக நெரிசலான சாலைகளில் எந்த உயிரையும் தொடாமல் வண்டி செலுத்திய அந்தக் கண்களில் அப்போது இரக்கத்தின் நிழல்கூட இல்லை.

“போடாதே!”

முதலாளி நாற்காலியோடு பின்னுக்குச் சாய்ந்தார். கைகளை உதறினார், சுற்று கழலவில்லை. “போடாதம்மா! உருகிடும்! மெஷின் லோடு அது தாங்காது! ரெண்டும் ஒரே சரக்குதான்மா! ஐயோ, என் கை!”

ஓட்டுநர் சுவிட்சை அழுத்தினார்.

கிளிக்.

ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் உறுமவில்லை; தீப்பொறி பறக்கவில்லை. முதலாளியின் அலறல் மட்டும் கூரைத் தகடுகளில் முட்டித் திரும்பிற்று.

இன்ஸ்பெக்டர் வலக்கையைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை இருந்தது. “ஃபியூஸ் எங்கிட்ட இருக்கு. தீப்பிடிச்ச நாள்லேருந்து இந்தப் பட்டறையில கரண்டே இல்ல. அந்தத் தம்பி தள்ளினது வெறும் நெம்புகோல்.” அவர் நாற்காலியின் முன்னே வந்தார். “உலகத்துலேயே நல்ல வயர்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்ணீங்க. அது உருகும்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“அது… அந்தத் தச்சன் வயர் உருகுச்சே, அதை நினைச்சு…”

“அது சந்தையில வாங்கினது, இது நான் குடுத்ததுன்னு சொன்னீங்க,” என்றார் தராசு. “இப்ப ‘ரெண்டும் ஒரே சரக்கு’ன்னு சொல்றீங்க. ஒரே சரக்குன்னா ஒரே ஆள்தானே வாங்கியிருக்கணும்?”

“நான் வேணும்னு செய்யல! லேசாச் சூடாகுது, மாத்திக் குடுங்கன்னுதான் அவன் வந்து நின்னான். உருகற அளவுக்குப் போகும்னு நான்…”

அவர் நிறுத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. தவளை தன் வாயால் கெட்டுவிட்டது.

சுவரோரத்திலிருந்து ஒரு வேலைக்காரர் முன்னால் வந்தார். “சொன்னான் சார். எங்க எதிர்லதான் சொன்னான். ‘சூடு பொறுக்காதவன் வேலைக்கு வராதே’ன்னு இவர் சொன்னார். பொழைப்புப் போயிடுமேன்னு நாங்க வாயைத் திறக்கல.” அவர் தலை கவிழ்ந்தார். “அவன் இழுத்துப் போடலைன்னா நாங்க இன்னிக்குப் பொழைப்பைப் பத்திப் பேச இருக்கமாட்டோம்.”

முதலாளி கைகளை விடுவிக்க இழுத்தார். வயர் விறைத்துக்கொண்டு, சுற்றியவாக்கிலேயே நின்றது. உள்ளே செம்பு இருந்திருந்தால் துவண்டு கழன்றிருக்கும். பிளாஸ்டிக் தன் எசமானரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“சார், விலங்கு உங்களுக்கு மிச்சம்,” என்றான் குச்சி, இருட்டிலிருந்து வந்தபடி. “இதுவரைக்கும் இந்த வயர் செஞ்ச ஒரே உருப்படியான வேலை இதுதான்.”

முதலாளியை அந்தக் கோலத்திலேயே எழுப்பி அழைத்துச் சென்றனர். வாசலில் அவருடைய மூக்கின் நுனியில் ஒரு வேர்வைத்துளி வந்து நின்றது. அவர் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. “யாராவது தொடைச்சு விடுங்களேன்,” என்றார். ஒருவரும் அசையவில்லை.

சாலையில் நின்ற ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது. தெருமுனையில் மின்பொருள் கடைக்காரர் அவசரமாகக் கதவைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் ஆள் ஒருவர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

பட்டறை காலியாயிற்று. ஓட்டுநர் மட்டும் அந்தச் சுவரருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, ஃபியூஸ் கட்டை அவர்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

“தெரியும்மா.”

“கரண்ட் இருக்குன்னு நினைச்சுத்தான் சொருகினேன்.”

“ம்.”

“அவன் கத்தினதுக்கு அப்புறமும் அழுத்தினேன்.”

“பார்த்தேன்.”

ஓட்டுநர் தம்முடைய வலக்கை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்பே. பொய்ச் சரக்கு விக்கிறவனுக்குப் பொய் முகம் உடனே தெரிஞ்சிடும். அவன் பயந்தது வயரைப் பார்த்து இல்ல, உன்னைப் பார்த்து.”

ஓட்டுநர் விரலைச் சீருடையில் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்துக்கொண்டார். “தம்பிக்கு ஊட்டற நேரமாச்சு,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குச்சி வாயைத் திறந்தான். தராசின் முகத்தைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். அவனுக்கும் அவருக்கும் இடையிலான நீண்ட பழக்கத்தில் அவன் ஒரு நகைச்சுவையை விழுங்கியது அதுவே முதல்முறை.

தராசு வில்தராசையும் காந்தத்தையும் பேனாக்கத்தியையும் கைப்பைக்குள் வைத்தார். பிறகு சுவரை நெருங்கி, மின்சாரமே வராத அந்தச் சுவிட்சை மறக்காமல் அணைத்துவிட்டு வெளியே வந்தார்.